இரவு வார்டில் எத்தனை பேர்?

கேரள எல்லையோரத்துக் காரோட்டில் நடுராத்திரி ஒருவருக்கு நெஞ்சு அடைத்தால், வண்டியை எந்தப் பக்கம் திருப்புவது என்று வீட்டார் முதலில் முடிவு செய்ய வேண்டும். கேரளத்துக்குள்ளேயே போவதென்றால் பாறசாலை தாலுகா தலைமை ஆஸ்பத்திரி இருக்கிறது. அதைத் தாண்டினால் நெய்யாற்றின்கரை பொது ஆஸ்பத்திரி, கடைசியில் திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜ். உள்ளே காரக்கோணத்தில் சி.எஸ்.ஐ. மெடிக்கல் காலேஜ். எல்லை தாண்டிக் களியக்காவிளை வழியாகப் போனால் குழித்துறை அரசு ஆஸ்பத்திரி, மார்த்தாண்டத்துத் தனியார் ஆஸ்பத்திரிகள், நெய்யூர், நாகர்கோவிலை ஒட்டிய ஆசாரிபள்ளம். திருவனந்தபுரமும் நாகர்கோவிலும் இந்த எல்லையிலிருந்து ஏறத்தாழ ஒரே தூரம். 1956 நவம்பர் 1 அன்று விளவங்கோடு, கல்குளம், தோவாளை, அகஸ்தீஸ்வரம் ஆகிய 4 தாலுகாக்கள் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தன. திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் கேட்டிருந்தும் நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்திலேயே நின்றது. அன்று போட்ட கோட்டை அரசு அலுவலகங்கள் மதிக்கின்றன. நோய் மதிப்பதில்லை. இரண்டு பக்கத்து ஆஸ்பத்திரிகளிலும் இரண்டு மாநில நோயாளிகளும் படுத்திருக்கிறார்கள்.

எந்த ஆஸ்பத்திரிக்குள் நுழைந்தாலும் நோயாளியின் கையை முதலில் பிடிப்பவரும், விடியும்வரை பக்கத்தில் இருப்பவரும் சிஸ்டர்தான். டாக்டர் வந்து பார்த்து எழுதிவிட்டுப் போவார். எழுதியதை நடத்திக் காட்டுவது செவிலியரின் வேலை. அவர்களுடைய குறைகளைப் பேசும்போது சம்பளம், பாதுகாப்பு, மரியாதை என்று மூன்றையும் வரிசையாகச் சொல்லிவிட்டு நகர்வது வழக்கமாகிவிட்டது. மூன்றுமே உண்மையான குறைகள். ஆனால் அவற்றுக்கெல்லாம் அடியில் ஒரு எண் கிடக்கிறது. ஓர் இரவில் ஒரு செவிலியரின் பொறுப்பில் எத்தனை நோயாளிகள் என்ற எண் அது. போராட்டங்கள் சம்பளத்தை உயர்த்தின, சட்டங்கள் தண்டனையைக் கடுமையாக்கின. இந்த எண் மட்டும் மாறவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரையின் வாதம்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். 40 பேர் படுத்திருக்கும் ஒரு பொது வார்டு, இரவு டியூட்டியில் ஒரே செவிலியர், 12 மணி நேரம் என்று வைத்துக்கொள்வோம். மொத்தம் 720 நிமிடம். மாலை டியூட்டிக்காரரிடமிருந்து ஹேண்ட் ஓவர் எடுக்க அரை மணி, காலையில் வருபவரிடம் கொடுக்க அரை மணி. ஒவ்வொரு நோயாளிக்கும் நர்சஸ் நோட்டில் எழுத இரண்டரை நிமிடம் என்றால் அதற்கு 100 நிமிடம். மிச்சம் 560. ஆளுக்கு 14 நிமிடம் வருகிறது, ஒரு முழு இரவுக்கும்.

அந்தப் பதினாலு நிமிடத்துக்குள் செய்ய வேண்டியவை என்னென்ன? காய்ச்சல், நாடி, ரத்த அழுத்தம் ஒரு தடவை எடுக்கவே நாலைந்து நிமிடம் ஆகும். கிருமிக்கொல்லி ஊசியை நரம்பில் அவசரமாக அழுத்தக் கூடாது, நின்று மெதுவாகச் செலுத்த வேண்டும். சர்க்கரை பார்த்து இன்சுலின் போட வேண்டும். பக்கவாதம் வந்து படுத்த படுக்கையாகக் கிடப்பவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வந்துவிடும். ஓர் இரவுக்கு ஆறு தடவை. ஒரு ஆளால் புரட்டவும் முடியாது. கூட இருக்கும் உறவினரைத் தூக்கத்திலிருந்து எழுப்பிப் பிடிக்கச் சொல்ல வேண்டும். இதற்கிடையே யாராவது ஒருவருக்கு ரத்தம் ஏற்ற வேண்டியிருக்கிறது. தவறான ரத்தத்தால் உயிருக்கு ஆபத்து வந்தால் பெரும்பாலும் ஆரம்ப நிமிடங்களிலேயே தெரிந்துவிடும் என்பதால் முதல் 15 நிமிடம் செவிலியர் கட்டில் பக்கத்தை விட்டு அசையக் கூடாது என்பது மருத்துவ விதி. அந்த ஒரே வேலை ஒரு நோயாளிக்குரிய மொத்த நேரத்தையும் விழுங்கி, அடுத்தவருடைய நேரத்திலும் கை வைக்கிறது. “சிஸ்டரே, ட்ரிப்பு தீரப் போவுது” என்று மறுகோடியிலிருந்து குரல் வரும்போது அவர் விதியை மீறி ஓடுவாரா, கூப்பிட்டவரின் கோபத்தை வாங்கிக்கொண்டு நிற்பாரா? எதைச் செய்தாலும் ஒரு பக்கம் குற்றவாளி ஆவது அவர்தான்.

இந்த நெருக்கடியில் முதலில் விழுந்துபோவது எந்த ரிஜிஸ்டரிலும் ஏறாத வேலைகள். ஊசி போட்டதற்குக் கையெழுத்து உண்டு. பயந்துபோன கிழவி ஒருத்தியின் பக்கத்தில் இரண்டு நிமிடம் உட்கார்ந்ததற்கு இல்லை. சாப்பிட்டாரா என்று பார்ப்பது, வாயைத் துடைத்துவிடுவது, வீட்டுக்குப் போன பிறகு மாத்திரையை எப்படிப் போட வேண்டும் என்று புரிய வைப்பது ஆகியவை மெல்லக் கழன்றுவிடுகின்றன. நோயாளியின் வீட்டார் “அந்த சிஸ்டர் முகம் கொடுத்துப் பேச மாட்டாள்” என்று குறைப்படும்போது பெரும்பாலும் அவர்கள் பார்ப்பது இந்த நேரமின்மையைத்தான்.

இந்தியாவில் இதற்கு அளவுகோல் இல்லாமல் இல்லை. இந்திய நர்சிங் கவுன்சில் பரிந்துரைத்திருப்பது, மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளில் 3 நோயாளிக்கு ஒரு செவிலியர், மற்றப் பொது ஆஸ்பத்திரிகளில் 5 நோயாளிக்கு ஒருவர். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கணக்கு ஒரு நாளின் மூன்று ஷிப்ட்டையும் சேர்த்தது. ஒரு ஷிப்ட் என்று பார்த்தால் பொது ஆஸ்பத்திரியில் 15 பேருக்கு ஒருவர், மருத்துவக் கல்லூரியில் 9 பேருக்கு ஒருவர் என்று ஆகிவிடும். மேடையில் ஐந்துக்கு ஒருவர் என்று பேசும் பலரும் இந்தப் பிரிவினையைச் சொல்வதில்லை. அந்தப் பதினைந்துக்கு ஒருவர் என்ற தாராளமான அளவைக்கூட எட்டாத வார்டுகள் ஏராளம். கேரள அரசுச் செவிலியர் சங்கங்கள் பல வருஷமாகச் சொல்லி வரும் புகார், பணியிட எண்ணிக்கைக்கு இன்னமும் 1961-ம் ஆண்டு வகுத்த முறையே அடிப்படையாக இருக்கிறது என்பது. அந்த வருஷத்து வார்டில் வென்டிலேட்டர் கிடையாது, டயாலிசிஸ் கிடையாது, கணினியில் ஏற்ற வேண்டிய காப்பீட்டுப் படிவம் கிடையாது. சர்க்கரையும் ரத்த அழுத்தமும் சிறுநீரகக் கோளாறும் ஒன்றாகச் சேர்ந்த எண்பது வயதுக்காரர்கள் இத்தனை பேர் வந்து படுக்கவும் இல்லை.

எண் என்பது உயிர் சம்பந்தப்பட்டது என்பதற்கு ஆதாரம் இருக்கிறது. லிண்டா எய்கனும் அவருடைய குழுவினரும் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில் 168 ஆஸ்பத்திரிகளை ஆராய்ந்து 2002-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்களில், செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால் 30 நாளுக்குள் மரணம் நேரும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது என்று அவர்கள் கண்டார்கள். செவிலியர் மனமும் உடலும் தேய்ந்துபோகும் வாய்ப்பு கூடுவது 23 சதவீதம். அவர்கள் ஒப்பிட்டது நாலு பேருக்கு ஒருவர் என்பதையும் எட்டுப் பேருக்கு ஒருவர் என்பதையும்தான். நாற்பதுக்கு ஒருவர் என்ற நிலை அந்த ஆராய்ச்சியின் அட்டவணையிலேயே கிடையாது. கலிபோர்னியா 1999-ல் சட்டம் இயற்றி, 2004 முதல் ஒவ்வொரு ஷிப்ட்டிலும் இத்தனை பேருக்கு மேல் ஒருவரிடம் ஒப்படைக்கக் கூடாது என்று கட்டாயமாக்கியது. அங்கே சாதாரண வார்டில் உச்ச வரம்பு 5. ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலம் 2015-ல் சட்டமாகவே கொண்டுவந்தது. நம் நாட்டில் கவுன்சிலின் அளவு ஒரு பரிந்துரை. மீறினால் யாரும் கேட்கப் போவதில்லை.

எல்லைப் பகுதியில் இந்தக் கணக்கு இன்னும் கோணலாகிறது. ஓர் ஆஸ்பத்திரிக்குப் பணியிடம் ஒதுக்குவது அதன் படுக்கைகளையும் அது சேர்ந்த நிர்வாகத்தையும் வைத்து. கோட்டுக்கு அப்பாலிருந்து வருபவர்கள் அந்தக் கணக்கில் இல்லை. திருவனந்தபுரம் போகும் பழைய தேசிய நெடுஞ்சாலை பாறசாலை வழியாகத்தான் செல்கிறது. கழக்கூட்டத்திலிருந்து வரும் சுமார் 43 கிலோமீட்டர் புறவழிச்சாலை காரோட்டில் வந்து முடிகிறது. விபத்தில் அடிபட்டவர் எந்த மாநில ரேஷன் கார்டு வைத்திருக்கிறார் என்று காஷுவாலிட்டியில் இருப்பவர் கேட்க முடியாது, கேட்பதுமில்லை. ஆனால் ரத்தம் நின்ற பிறகு கார்டு பற்றிய கேள்வி வந்தே தீரும். கேரளத்தின் காருண்யா காப்பீடு வேறு, தமிழ்நாட்டு முதலமைச்சரின் காப்பீடு வேறு. எந்தத் திட்டம் இங்கே செல்லும், எது செல்லாது என்று கலங்கி நிற்கும் குடும்பத்துக்கு எடுத்துச் சொல்லும் வேலையும் பல நேரம் பக்கத்தில் நிற்கும் செவிலியர் தலையில் விழுகிறது. உடலைப் பார்ப்பதற்கு உள்ள பதினாலு நிமிடத்தில்தான் இதுவும் கழிகிறது.

மொழியும் இப்படிக் கணக்கில் வராத ஓர் உழைப்பு. இங்கே தமிழும் மலையாளமும் ஒரே வீட்டில், சில சமயம் ஒரே வாக்கியத்தில் பேசப்படும். கேரள அரசு 1969-ம் ஆண்டு ஆட்சிமொழிச் சட்டத்திலேயே தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தங்கள் மொழியில் அரசோடு எழுத்துத் தொடர்பு வைக்க இடம் கொடுத்தது. ஆனால் அறுவைக்கு முன்னால் கையெழுத்து வாங்கும் தாளும், டிஸ்சார்ஜ் சம்மரியும் மலையாளத்திலோ ஆங்கிலத்திலோ இருக்கும். இளம் டாக்டர் வடக்கு மாவட்டத்துக்காரராக இருந்தால், பொழியூர்க் கடற்கரையிலிருந்து வந்த பாட்டி வலியை விவரிக்கும் விதம் அவருக்குப் பிடிபடாது. நடுவில் நின்று இரண்டு பேருக்கும் புரிய வைப்பவர் அந்த ஊர்ப் பேச்சு தெரிந்த சிஸ்டர்தான். இது மருத்துவத்தின் ஓர் அங்கம். தவறாகப் புரிந்துகொண்ட ஒரு வார்த்தை தவறான மருந்தில் போய் முடியலாம். இதே திறமை வேறோர் இடத்தில் குற்றமாகப் பார்க்கப்பட்டதும் உண்டு. 2021 ஜூனில் டெல்லி கோவிந்த் வல்லப் பந்த் மருத்துவ நிறுவனம் தன் செவிலியர்கள் பணியிடத்தில் மலையாளம் பேசக் கூடாது என்று சுற்றறிக்கை விட்டது. எதிர்ப்புக் கிளம்பவே மறுநாளே திரும்பப் பெற்றது.

சம்பளப் போராட்டத்தின் கதையைச் சற்று விரிவாகவே சொல்ல வேண்டும். எது கிடைத்தது, எது கைநழுவியது என்று அதில்தான் தெரிகிறது.

2011 வரை கேரளத்துத் தனியார் ஆஸ்பத்திரிகள் பலவற்றில் பட்டம் படித்த செவிலியருக்கு மாதம் 3,000, 4,000, மிஞ்சினால் 5,000 ரூபாய். படிக்க வாங்கிய வங்கிக் கடனின் தவணைக்குக்கூட அது காணாது. அதோடு பாண்டு வேறு. ஒன்றிரண்டு வருஷம் வேலை செய்தே தீர வேண்டும், நடுவில் விட்டுப் போனால் பணம் கட்ட வேண்டும், அதுவரை அசல் சான்றிதழ்கள் நிர்வாகத்தின் அலமாரியில். 2011-ல் திருச்சூரில் ஐக்கிய செவிலியர் சங்கம் உருவானது. அடுத்த வருஷம் மாநிலமெங்கும் வேலைநிறுத்தங்கள். கோதமங்கலத்தில் நூறு நாளைத் தாண்டிய ஒரு போராட்டத்தின் முடிவில், 2012 ஆகஸ்டில் மூன்று செவிலியர்கள் ஆஸ்பத்திரிக் கட்டடத்தின் உச்சியில் ஏறி நின்றார்கள். அரசு அமைத்த பலராமன் குழு, சம்பள உயர்வோடு பாண்டு முறையை ஒழிக்கவும் பரிந்துரைத்தது.

செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரியில் மத்திய அரசைக் குழு அமைக்கச் சொன்னது. ஜகதீஷ் பிரசாத் தலைமையிலான அந்தக் குழுவின் பரிந்துரை படுக்கை எண்ணிக்கையை அடிப்படையாகக் கொண்டது. 50 படுக்கைக்குக் கீழே இருந்தாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது, 200-க்கு மேல் என்றால் அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம். அதை அமல்படுத்தச் சொல்லிக் கேரளத்தில் 2017-ல் மீண்டும் போராட்டம். ஜூலை 20 அன்று முதல்வர் கூட்டிய பேச்சுவார்த்தையில் 20,000 ஒப்புக்கொள்ளப்பட்டது. ஒப்புக்கொண்டது அரசாணையாக மாற இன்னும் ஒன்பது மாதம். சேர்த்தலையில் ஓர் ஆஸ்பத்திரியின் செவிலியர்கள் 240 நாளுக்கு மேல் வெளியே உட்கார்ந்திருந்தார்கள். அங்கிருந்து தலைமைச் செயலகத்துக்கு நடந்து போவதாக அறிவித்த நாளுக்கு முந்தைய நாள், 2018 ஏப்ரல் 23 அன்று, குறைந்தபட்ச அடிப்படைச் சம்பளம் 20,000 என்ற அறிவிக்கை வெளிவந்தது.

இது பெரிய வெற்றி. பெண்களே பெரும்பான்மையாக இருக்கும் ஒரு தொழிலில், சங்கம் சேர்ந்து பழக்கமில்லாத இளம் வயதினர் சாதித்தது. ஆனால் கேரள அரசிதழின் அதிகாரம் இஞ்சிவிளையோடு முடிகிறது. களியக்காவிளைக்கு அந்தப் பக்கம் அதே படிப்பு, அதே வேலை, அதே ஊர்ப் பெண். அறிவிக்கை மட்டும் அங்கே செல்லாது. எல்லை தாண்டி வந்து கேரளத்தில் வேலை பார்க்கலாமே என்றால் பதிவு குறுக்கே நிற்கும். தமிழ்நாடு கவுன்சிலில் பதிந்தவர் கேரளக் கவுன்சிலிலும் பதிந்துகொள்ள வேண்டும். மனு, கட்டணம், சரிபார்ப்பு, காத்திருப்பு. 1947-ம் ஆண்டு இந்திய நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-ல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய நர்சிங் ஆணையச் சட்டம் நாடு முழுவதற்கும் ஒரே பதிவேடு என்கிறது. அது நடைமுறைக்கு வந்து நிலைத்தால் முதலில் பயன்பெறுவது இந்த மாதிரி எல்லையோரத்துப் பெண்கள்தான்.

குறைந்த சம்பளத்துக்கு இத்தனை காலம் எப்படி ஆள் கிடைத்தது என்ற கேள்விக்கு வறுமை என்று மட்டும் பதில் சொன்னால் போதாது. வளைகுடாவுக்கோ பிரிட்டனுக்கோ போக வேண்டுமானால் பெரும்பாலும் இரண்டு வருஷ அனுபவச் சான்றிதழ் கேட்பார்கள். அதைத் தரும் அதிகாரம் உள்ளூர் ஆஸ்பத்திரியிடம் இருக்கிறது. ஆக, சம்பளத்தின் ஒரு பகுதி பணமாகவும் மறுபகுதி அந்தத் தாளாகவும் கொடுக்கப்படுகிறது. தாளுக்காகத்தான் வேலை என்று இரு தரப்புக்கும் தெரியும். இதனால் நேரும் விளைவு வார்டில் தெரிகிறது. படித்து முடித்த வருஷமே வந்தவர்கள், கை பழகி, நோயாளியின் முகத்தைப் பார்த்தே நிலைமை மோசமாகப் போகிறது என்று கணிக்கும் பக்குவம் வரும் நேரத்தில் ஜெர்மன் வகுப்புக்கோ ஆங்கிலத் தேர்வுக்கோ போய்விடுகிறார்கள். அடுத்த அணி வருகிறது. அந்தப் புதியவர்களுக்குச் சொல்லிக்கொடுக்க மிஞ்சியிருக்கும் ஒன்றிரண்டு மூத்தவர்களின் வேலை இரட்டிப்பாகிறது. எண்ணிக்கையில் இருவர் இருந்தாலும் பக்குவத்தில் ஒருவர்தான் இருக்கிறார்.

போகிறவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அவர்கள் வாங்கும் கடனும் படும் பாடும் சாதாரணமல்ல. 2014-ல் ஈராக்கின் திக்ரித் நகரில் போர்முனையில் சிக்கிய 46 இந்தியச் செவிலியர்கள் ஜூலை 5 அன்று கொச்சியில் வந்து இறங்கினார்கள். குண்டு விழும் ஊரை விட்டுக் கிளம்பவும் அவர்களில் சிலர் தயங்கியதற்கு ஊரில் அடைக்க வேண்டிய கடன் காரணமாக இருந்தது. அடுத்த வருஷம், குவைத்துக்கு ஆள் எடுத்ததில் அனுமதித்த கட்டணம் ஏறத்தாழ 19,500 ரூபாயாக இருக்க, பல லட்சம் வசூலித்ததாக சி.பி.ஐ. வழக்குப் போட்டது. அதன்பிறகே வளைகுடா உள்ளிட்ட நாடுகளுக்குச் செவிலியர் ஆள்சேர்ப்பு நோர்க்கா, ஒடெபெக், தமிழ்நாட்டின் அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் போன்ற அரசு அமைப்புகள் வழியாக மட்டும் என்று ஆனது. உலக சுகாதார நிறுவனத்தின் 2025 அறிக்கையின்படி உலகில் இன்னும் 58 லட்சம் செவிலியர் தேவை. பணக்கார நாடுகள் அந்தப் பள்ளத்தை நிரப்ப வரும் இடங்களில் நெய்யாற்றின்கரையும் ஒன்று.

அரசு ஆஸ்பத்திரியில் கதை வேறு மாதிரி. நிரந்தரப் பணியில் இருப்பவருக்குச் சம்பளம் கௌரவமானது. ஆனால் அதே வார்டில், அதே உடையில், தேசிய சுகாதாரத் திட்டத்தின் ஒப்பந்தச் செவிலியரும் தினக்கூலிச் செவிலியரும் நிற்கிறார்கள். கோழிக்கோடு மாவட்டம் பேராம்பிரா தாலுகா ஆஸ்பத்திரியில் நிபா நோயாளியைக் கவனித்து, அதே நோயில் 2018 மே 21 அன்று இறந்த செவிலியர் லினி நிரந்தர ஊழியர் அல்ல. அவர் மறைந்த பிறகு அரசு குடும்பத்துக்கு 20 லட்சம் ரூபாயும் கணவருக்கு வேலையும் கொடுத்தது. உயிரோடு இருந்தபோது அவருக்கு இல்லாத பாதுகாப்பு அது. தமிழ்நாட்டிலும் 2015-ல் தேர்வெழுதி எடுக்கப்பட்ட ஆயிரக்கணக்கான செவிலியர்கள் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் தொடங்கி, 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராடினார்கள். கொரோனாக் காலத்தில் அவசரமாக எடுக்கப்பட்ட இரண்டாயிரத்துக்கும் மேற்பட்டோரின் பணி 2022 டிசம்பர் 31-ஓடு முடிக்கப்பட்டது. நோய்க்காலத்தில் தட்டு தட்டிப் பாராட்டியதை அவர்கள் மறந்திருக்க மாட்டார்கள்.

வன்முறையைப் பற்றிச் சொல்லும்போது கொட்டாரக்கரையைக் கடந்து போக முடியாது. 2023 மே 10 அதிகாலை, தாலுகா ஆஸ்பத்திரிக்குப் போலீசார் காயத்துக்கு மருந்து போட அழைத்து வந்த ஒருவர், டிரெஸ்ஸிங் அறையிலிருந்த கத்தரிக்கோலால் பயிற்சி டாக்டர் வந்தனா தாஸைக் குத்திக் கொன்றார். ஒரு வாரத்தில் கேரள அமைச்சரவை, ஆஸ்பத்திரி ஊழியர்களைப் பாதுகாக்கும் 2012-ம் ஆண்டுச் சட்டத்தைத் திருத்தும் அவசரச் சட்டத்துக்கு ஒப்புதல் கொடுத்தது. தாக்குதலுக்கு 6 மாதம் முதல் 5 வருஷம், கொடுங்காயம் என்றால் 1 முதல் 7 வருஷம் சிறை. கெட்ட வார்த்தையால் ஏசினாலும் தண்டனை. காவலாளி, ஆம்புலன்ஸ் ஓட்டுநர், உதவியாளர் என்று எல்லாருக்கும் பாதுகாப்பு நீட்டப்பட்டது. தமிழ்நாட்டில் 2008 முதலே இப்படியொரு சட்டம் உண்டு. சட்டம் தேவைதான். ஆனால் தாலுகா ஆஸ்பத்திரியில் கோபம் எங்கே மூள்கிறது என்று பார்த்தால், பெரும்பாலும் காத்திருப்பிலும் ‘மெடிக்கல் காலேஜுக்குக் கொண்டு போங்கள்’ என்ற வார்த்தையிலும்தான். அந்த முடிவை எடுப்பவர் டாக்டர். சீட்டை நீட்டுபவர், ஆம்புலன்ஸ் வரும்வரை வாசலில் ஏச்சு வாங்குபவர் செவிலியர். ஏன் மேலிடத்துக்கு அனுப்புகிறோம் என்று உட்கார வைத்து ஐந்து நிமிடம் விளக்க ஒருவர் இருந்தால் பாதிக் கோபம் அடங்கும். அந்த ஐந்து நிமிடம் இல்லை. மறுபடியும் அதே எண்.

உடம்புக்கு நேர்வதையும் அந்த எண்ணே முடிவு செய்கிறது. ஊசி போட்ட கையோடு முனையை ஹப் கட்டரில் வெட்டிப் போட வேண்டும், மூடியைத் திரும்ப மாட்டக் கூடாது என்பது முதலாம் ஆண்டு மாணவிக்கும் தெரியும். ஒரு டிரேயில் பத்துப் பேருக்கான சிரிஞ்சுகளை வைத்துக்கொண்டு கட்டிலுக்குக் கட்டில் போகும்போது, கட்டர் வார்டின் மறுகோடியில் இருந்தால், கை தானாக மூடியைத் தேடும். முனை விரலில் ஏறுவது அப்போதுதான். தடுப்பூசி போடாதவருக்கு அந்த ஒரு குத்தில் ஹெபடைடிஸ் பி தொற்றும் வாய்ப்பு 30 சதவீதம் வரை போகும். எச்.ஐ.வி.க்கு 0.3 சதவீதம். இரவுப் பணியையே புற்றுநோய்க்குக் காரணமாக இருக்கக்கூடியது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2007-ல் வகைப்படுத்தி, 2019-ல் மறுபடி உறுதி செய்தது. இருந்தும் 12 மணி நேர இரவு மாறவில்லை. காலை 6, மதியம் 6, இரவு 12 என்ற ஷிப்ட் முறை கேரளத்தில் தொழிலாளர் துறை ஏற்ற முன்னேற்றமாகவே வந்தது. அதற்கு முன்பு பல இடங்களில் பகலும் பன்னிரண்டு மணி நேரம்.

ஆறுமணி நேரப் பகல் டியூட்டி வந்ததும் அதே ஆட்களை மூன்றாகப் பிரித்தால் ஒவ்வொரு ஷிப்ட்டிலும் ஆள் குறைகிறது. நேரம் குறைந்த அளவுக்குத் தலை கூடவில்லை என்றால் சலுகை வார்டில் பாரமாகத் திரும்பி வரும். சங்கங்கள் இதை அறிந்தே கேட்டன. அரசும் நிர்வாகங்களும் முதல் பாதியை மட்டும் கொடுத்தன.

இந்தப் பகுதிக்கு நர்சிங் புதிதல்ல. 1838-ல் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூரில் தொடங்கிய மிஷன் வைத்தியம், எவரெஸ்ட் ஏறப் போன சோமர்வெல் கால்நூற்றாண்டு அங்கே தங்கி வளர்த்த ஆஸ்பத்திரி, அவர் பெயரிலேயே காரக்கோணத்தில் நிற்கும் மருத்துவக் கல்லூரி என்று நூற்றாண்டுக்கு மேலான மரபு. பிறர் உடம்பைத் தொட்டுக் கழுவும் வேலை இழிவு என்று நினைத்த காலத்தில் வீட்டை எதிர்த்து இந்தப் படிப்புக்குப் போனவர்களின் பேத்திகள்தான் இன்று இரவு டியூட்டியில் இருக்கிறார்கள்.

பெரிய சட்டம் வரும்வரை செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது. இங்கிலாந்தில் ஸ்டாஃபோர்டு ஆஸ்பத்திரியில் ஆள் குறைவால் நேர்ந்த கொடுமைகளை விசாரித்த பிரான்சிஸ் அறிக்கை 2013-ல் வந்தது. அடுத்த வருஷத்திலிருந்து அங்கே ஒவ்வொரு வார்டு வாசலிலும், இந்த ஷிப்ட்டில் இருக்க வேண்டிய செவிலியர் எத்தனை, இருப்பவர் எத்தனை என்று பலகையில் எழுதி வைக்கத் தொடங்கினார்கள். நோயாளியின் வீட்டார் யாரைக் கேட்பது என்று தெரியாமல் நின்ற நிலை ஓரளவு மாறியது. ஏசுவதற்குப் பக்கத்தில் கிடைத்த சிஸ்டரைத் தாண்டி, ஆள் போடாதவரை நோக்கிக் கேள்வி திரும்ப அது வழி செய்தது.

பாறசாலையில் இதற்குப் புதிய சட்டம் வேண்டாம். 1990-களின் அதிகாரப் பரவலுக்குப் பிறகு இந்தத் தாலுகா ஆஸ்பத்திரி பிளாக் பஞ்சாயத்தின் பொறுப்பில் இருக்கிறது. காரோடு பஞ்சாயத்து அந்தப் பாறசாலை பிளாக்கில்தான் அடங்கும். ஆஸ்பத்திரி நிர்வாகக் குழுவில் மக்கள் பிரதிநிதிகள் உட்காருகிறார்கள். அந்தக் குழு தன் நிதியிலிருந்து தற்காலிகச் செவிலியரை எடுக்கவும் முடியும். கட்டடம், ஸ்கேன் மெஷின், பெயின்ட் ஆகியவற்றைப் பேசும் கூட்டத்தில் முதல் விஷயமாக ஒன்றைச் சேர்க்கலாம். போன மாதம் ஒவ்வொரு இரவும் ஒவ்வொரு வார்டிலும் எத்தனை நோயாளிகள் இருந்தார்கள், எத்தனை செவிலியர் இருந்தார்கள், அந்த நோயாளிகளில் எத்தனை பேர் எல்லைக்கு அப்பாலிருந்து வந்தவர்கள்? ரிஜிஸ்டரில் எல்லாம் இருக்கிறது, கூட்டிப் போட ஒரு மணி நேரம் போதும். அது மினிட்ஸ் புத்தகத்தில் மாதாமாதம் ஏறினால், 1961-ம் ஆண்டுக் கணக்கை மாற்றக் கேட்டுத் திருவனந்தபுரத்துக்குப் போகும் மனுவோடு இணைக்க ஓர் ஆதாரம் கிடைக்கும். நெய்யாற்றின்கரையும் அப்படியே எழுதிவைத்தால், குழித்துறையின் கணக்கையும் வாங்கி மூன்றையும் ஒரே தாளில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.